காகம் தொடாத கறி

1

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவிஸில் இருக்கிற சொந்தக்காரர் இலையுதிர்காலத்தில் அனுப்புகிற படங்களை நம்பாதீர்கள். மஞ்சள் மரம், சிவப்பு மரம், நடுவில் குடும்பமாகச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் காரை எங்கே நிறுத்துவது என்று சண்டை நடந்திருக்கும். ஐந்து நிமிடம் பின்னால் மழை பிடித்திருக்கும்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கத் தொடங்கியவன், பத்தொன்பது வயதில் அதே கடையின் கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றேன். நீதிமன்றம் இருக்கிற புதுக்கடையிலிருந்து வக்கீல்மார் கார் அனுப்பி என் கொத்தை வாங்குவார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் இந்த நாட்டுக்கு வந்து, ஹோட்டலில் சட்டி கழுவி, ஆறு வருடத்தில் அதே ஹோட்டலில் சமையல்காரனாகி, பிறகு சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். எழுத்துப் பிழை பார்க்கிற என் மனைவி மனோ அந்த வரியை வெட்டிவிட்டாள். சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்த வாழ்க்கை முழுவதும் என்னைக் காப்பாற்றியது நாக்கு. ஒரு கறியை வாயில் வைத்தால் எந்தத் தூள், எந்த எண்ணெய், எத்தனை நாள் பழைய தேங்காய் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று இந்தப் புரட்டாசியில் என் வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தக் கூத்தைத்தான் எழுதப் போகிறேன்.

2

முதலில் குடும்பமாகப் போன ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் சுகந்தி முதியோர் இல்லத்தில் தாதி. மருமகன் பிரதீபன் ரயில்வேயில் வேலை. பேத்தி அனுயாவுக்குப் பன்னிரண்டு வயது, வாயில் தமிழ் வருவதற்குள் இந்த நாட்டு மொழி முந்திக்கொண்டு வந்துவிடும். எல்லாருமாக மலைக்குத் தெற்கே, இத்தாலிப் பக்கம், மரோனி பொறுக்கப் போவதென்று சுகந்தி முடிவெடுத்தாள். மரோனி என்பது ஒரு மரத்துக் கொட்டை. இங்கே குளிர் தொடங்கினால் தெருமுனையில் சுட்டுக் கடதாசிச் சுருளில் போட்டு விற்பார்கள்.

"தெருமுனையில விக்கிற சாமானுக்கு ஏன் பிள்ளை நாலு மணித்தியாலம் கார் ஓடவேணும்?" என்றேன்.

"ஃபமிலியாப் போறது அப்பா. அதுதான் விஷயம். கொட்டை இல்லை."

கொழும்பில் குடும்பமாகப் போவதற்கு இவ்வளவு பாடு இல்லை. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குச் சேர்ட்டைப் போட்டால் காலிமுகத்திடல். பஸ்ஸில் நின்றுகொண்டு போவோம். கடற்காற்று, ஒரு இறால் வடை, ஒரு பட்டம், திரும்பி வீடு. கால்களில் ரப்பர்ச் செருப்பு. இங்கே நடக்கிறதற்கென்று தனிச் சப்பாத்து, மழைக்கென்று தனிச் சட்டை, அந்தச் சட்டைக்குள் போட இன்னொரு சட்டை. போனை வைத்துக்கொண்டு எத்தனை மணிக்கு எந்தப் பள்ளத்தாக்கில் மழை என்று அரை மணி நேர ஆராய்ச்சி. பிறகு மலைச்சுரங்கத்துக்கு முன்னால் கார் வரிசையில் இரண்டு மணி நேரம். அந்த வரிசையில் இருந்தபடி பிரதீபன், "மாமா, கலரைப் பாருங்கோ" என்றார். முன்னால் நின்ற லொறியின் பின்பக்கம் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காட்டுக்குள் போன பிறகு, ஒத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. முள்ளம்பன்றிக் குட்டி மாதிரிக் காய். சப்பாத்தால் மிதித்துப் பிளந்தால் உள்ளே பளபளவென்று கபில நிறக் கொட்டை. இவர்கள் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, நாலு கிலோவில் மூன்று கிலோவை நான்தான் பொறுக்கினேன். பிரதீபன் கல்லடுக்கி நெருப்பு மூட்டிச் சுட்டார். ஒன்றை உரித்து வாயில் போட்டேன்.

"மனோ! இது பலாக்கொட்டை!"

"உங்களுக்கு எதைக் கண்டாலும் பலாக்கொட்டை."

"வாயில போட்டுப் பாரும்."

போட்டாள். மென்றாள். வெள்ளவத்தைக்காரி லேசில் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அப்பா கிளார்க்காக இருந்தவர். "ஓம்... கொஞ்சம் இனிப்புக் கூட. ஆனா ஓம்" என்றாள்.

நாற்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம். ஒருத்தருக்காவது இது தெரிந்திருந்ததா? நான்தான் கண்டுபிடித்தேன். வருகிற புரட்டாசிச் சனிக்கு முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, பலாக்கொட்டைக் கறி வைக்கிறேன் என்று அந்தக் காட்டிலேயே அறிவித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டியவர்கள் புதன்கிழமைக்குள் அவ்வளவையும் சுட்டுத் தின்று முடித்துவிட்டார்கள். மிச்சத்தில் புழு.

3

இனி நான் தனியே போகிற பயணம்.

புரட்டாசிச் சனிக்கு நான் தவறாமல் விரதம். எள்ளெண்ணெய் விளக்கு, மரக்கறிச் சோறு, சாப்பிட முன் காகத்துக்கு ஒரு பிடி. வெள்ளவத்தையில் என் மாமியார் வீடு கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. அங்கே காகத்தைக் கூப்பிடத் தேவையில்லை. மதிலில் சோற்றை வைத்துக் கையை எடுக்க முன்னமே நாலு வந்து குந்தும், விட்டால் விரலையும் கொண்டுபோகும்.

இங்கே முதல் வருடங்களில் பல்கனியில் வைத்தேன். வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது, பறவைகளுக்குத் தீனி வைப்பது தடை என்று. எந்தக் கிழமை எத்தனை மணிக்கு உடுப்புத் தோய்க்கலாம் என்றே அட்டவணை போடுகிறவர்கள், காகத்தை விடுவார்களா? அதனால் புரட்டாசிச் சனிகளில் சோற்றை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போவேன். ஆற்றைப் பார்த்தபடி ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் உடனே வரும், சில நாள் ஒரு மணி நேரம் காக்க வைக்கும். ஆறு ஓடும், இலை விழும், எனக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்த மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் நான் அனுபவிக்கிற ஒரே உல்லாசம் அதுதான். சனி பகவான் சாட்டு.

மூன்றாம் சனிக்கு முந்தின வியாழக்கிழமை, கொட்டை இல்லையே என்ற யோசனையோடு அந்தப் பூங்காவுக்குள் நடந்தபோது காலில் ஏதோ உருண்டது. பார்த்தால் அதே கபில நிறம், அதே பளபளப்பு. ஒரு பெரிய மரத்தின் கீழ் நூற்றுக்கணக்கில் கிடந்தது, ஒருவரும் பொறுக்கவில்லை. இதை விட்டுவிட்டுத்தான் இத்தாலிப் பக்கம் போய் வரிசையில் நின்றோமா என்று எனக்குக் கோபமே வந்தது. பையை விரித்துப் பொறுக்கத் தொடங்கினேன்.

நாயோடு ஒரு கிழவி வந்தாள். தலையை ஆட்டி, வேகமாக ஏதோ சொல்லி, மரத்தில் அறைந்திருந்த பலகையைக் காட்டினாள். பொது இடத்தில் பொறுக்காதே என்கிறாள் என்று நினைத்தேன். "நான் இந்த நாட்டில் வரி கட்டுகிறவன்" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அவள் மறுபடியும் பலகையைக் காட்டினாள். சரியென்று பலகைக்கு முன்னால் போய், கையைப் பின்னால் கட்டி, வாசிக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் நின்று, தலையை ஆட்டினேன். அவளும் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனாள்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டும். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சிங்களமும் ஜேர்மனும் கதைப்பேன். ஆனால் இந்த நாட்டு எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும், நாளாந்தம் பார்க்கிற சில சொற்களைப் படத்தைப் போல அடையாளம் தெரியும். அவ்வளவுதான். இது மனோவுக்கு மட்டும் தெரியும். வெளியே போனால், யாராவது ஒரு கடதாசியை நீட்டினால், சட்டைப்பையைத் தடவி, "அடடா, கண்ணாடியை மறந்துபோனேன்" என்பேன். உடனே அவர்களே வாசித்துச் சொல்லிவிடுவார்கள். வாசிக்கத் தெரியாமல் ஒரு கடையை இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். அதே தெருவில் வாசிக்கத் தெரிந்தவர்கள் போட்ட மூன்று கடைகள் மூடப்பட்டன.

4

சனிக்கிழமை காலை குளித்து, விளக்கேற்றி, சமையலில் இறங்கினேன். கொட்டையை அவித்தபோது தண்ணீர் சவர்க்காரம் போட்ட மாதிரி நுரைத்தது. புதுக்கொட்டை, அப்படித்தான் என்று நினைத்தேன். உரித்து, வெட்டி, வறுத்த தூள், பழப்புளி, முதற்பால், முருங்கையிலை. மணம் மாடிப்படி வரைக்கும் போனது. ஆனால் விரதச் சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. காகத்துக்கு வைக்க முன் நாக்கில் பட்டால் எச்சில். அறுபது வருடமாக எந்த நாக்கை நம்பி வாழ்ந்தேனோ, அந்த நாக்கைப் பூட்டி வைத்துச் சமைத்த ஒரே நாள் அதுதான்.

பெட்டியில் சோறு, பூசணிக்காய், அப்பளம், கொட்டைக் கறி எல்லாம் ஒவ்வொரு பிடி. பூங்காவில் இரண்டு காகம் வந்தது. சோற்றைத் தின்றது. பூசணியைத் தின்றது. அப்பளத்துக்கு அடிபட்டது. கொட்டையை மட்டும் ஒவ்வொன்றாக அலகால் எடுத்துப் பக்கத்தில் வைத்தது.

"சுவிஸ் காகம்தானே. உறைப்புத் தாங்காது" என்று அதைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் குடும்பமும் வந்து சேர, எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். முதல் வாய் மனோவுடையது.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள பாகற்காய் போட்டனீங்களோ?"

"பாகற்காயோ? அது இந்த நாட்டுக் கொட்டையின்ர குணம். முதல்ல கைக்கும், பிறகு இனிக்கும்."

"பிறகும் கைக்குது."

அனுயா வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள். "அம்மப்பா, இது சோப்!"

பிரதீபன் நல்ல பிள்ளை. மாமனாரின் மரியாதைக்காக மூன்று துண்டை மென்று விழுங்கிவிட்டு, "வித்தியாசமா இருக்கு மாமா" என்றார். எனக்கு வாய்க்குள் வேப்பெண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. என் நாக்கு அலறியது. ஆனால் காட்டில் கை தட்டு வாங்கியவன் நான். கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன்.

இரண்டு மணித்தியாலத்தில் எனக்கும் மருமகனுக்கும் ஒரே ஒரு குளியலறைக்கு வரிசை. மலைச்சுரங்கத்து வரிசை பரவாயில்லை. சுகந்தி நஞ்சு விசாரிக்கிற இடத்துக்குப் போன் எடுத்தாள். மிச்சக் கொட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அது மரோனி இல்லையாம். பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற, குதிரையின் பெயரை வைத்த வேறு சாதியாம். மனிதர் தின்னக் கூடாதாம். உயிருக்கு மோசமில்லை, தண்ணீர் குடிக்கட்டும் என்றார்கள்.

சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். அனுயா சொன்னாள். இந்தச் சின்னப் பிள்ளை முதலில் சொல்லியிருக்கலாமே?

5

பின்னேரமே சுகந்தி பூங்காவுக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, போனில் பலகையின் படத்தைக் காட்டினாள்.

"அப்பா, 'சாப்பிடக் கூடாது' எண்டு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு. நீங்கள் பலகையைப் பார்க்கேல்லையோ?"

நான் கட்டிலில் துவண்டு கிடந்தேன். "பார்த்தனான்."

"வாசிச்சீங்களோ?"

"வாசிச்சனான்."

"வாசிச்சிட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தீங்களோ?"

நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. "மறந்துபோனன்."

அந்தச் சொல்லை விட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏசவில்லை. கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். அவளுடைய வேலையிடத்தில் கிழவர்களிடம் கதைக்கிற குரல் வந்துவிட்டது.

"அப்பா, நான் கொஞ்ச நாளாக் கவனிக்கிறன். போஸ்ட் ஒஃபீஸிலயும் கண்ணாடியை மறந்தீங்கள். மருந்துக்கடையிலயும் மறந்தீங்கள். வங்கியிலயும். வந்த கடிதம் உடைக்காமல் அப்பிடியே கிடக்குது. போன மாசம் பஸ் பாதை மாத்தினதை எழுதி ஒட்டியிருந்தும் பிழையான பஸ்ஸில ஏறி எங்கேயோ போனீங்கள். இப்ப இது. டொக்டரிட்டக் காட்டுவம். அதுவரைக்கும் தனியாப் போகவேண்டாம்."

"பூங்காவுக்கோ?"

"ஒரு இடத்துக்கும்."

இருக்கிற இடத்தைக் காட்டுகிற கைக்கடிகாரம் ஒன்று வாங்கலாமாம். கிழமையில் இரண்டு நாள், என்னைப் போன்றவர்களைப் பகலில் வைத்துப் பார்க்கிற நிலையம் ஒன்று இருக்கிறதாம். பந்து எறிந்து விளையாடுவார்களாம். வக்கீல்மார் கார் அனுப்பிக் கொத்து வாங்கிய கை, பந்து எறிய வேண்டுமாம்!

அவள் போன பிறகு மனோ சுடுதண்ணீரோடு வந்தாள்.

"சொல்லுங்கோவன்."

"என்னத்தை?"

"தெரியாத மாதிரி. நான் இவ்வளவு காலமாச் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். ஆனா பிள்ளை குசினிக்குள்ள நிண்டு அழுதிட்டுப் போகுது. அவள் வேலையில ஒவ்வொரு நாளும் அந்த வருத்தக்காரரைப் பார்க்கிறவள். தகப்பனுக்கும் அது வந்திட்டுது எண்டு நினைக்கிறாள்."

"மூளை இல்லை எண்டு நினைச்சால் நினைக்கட்டும். எழுத்துத் தெரியாது எண்டு நினைக்கக் கூடாது."

"நல்ல நியாயம்" என்றாள். தண்ணீரை டொக் என்று வைத்துவிட்டுப் போனாள்.

புதுக்கடையில் நீதிமன்றத்தைச் சுற்றி டைப்ரைட்டரோடு ஆட்கள் இருப்பார்கள். இங்கிலிஷில் ஒரு கடிதம் வந்தால் கொண்டுபோய்க் கொடுத்து, "அய்யா, இதில என்ன கிடக்கு?" என்று கேட்கலாம். வாசித்துச் சொல்லி, பதிலும் அடித்துத் தருவார். பக்கத்தில் இன்னும் பத்துப்பேர் அதே கேள்வியோடு நிற்பார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. இந்த நாட்டில் அப்படி ஒரு மனிதர் இல்லை. எனக்கு இருந்தது சுகந்தி. எட்டு வயதில் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்துவிட்டு, விசாக் கடிதத்தையும் வரிக் கடிதத்தையும் அவள்தான் வாசிப்பாள், படிவத்தை நிரப்புவாள். "அப்பாவுக்கு நேரமில்லை பிள்ளை, நீ ஒருக்கால் பார்" என்பேன். அப்பா பெரிய வேலைக்காரன் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை எப்படி உடைப்பது?

6

டொக்டர் இளம் பெண். சுகந்தி பக்கத்தில் இருந்தாள். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், என்ன பருவம் என்று டொக்டர் கேட்டாள். இலையுதிர்காலம் என்றேன், தமிழில் புரட்டாசி நாலாம் கிழமை என்று சேர்த்தும் சொன்னேன். அது அவளுடைய கடதாசியில் இல்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தொடங்கி, அவள் போதும் போதும் என்று கையைக் காட்டவும் நிற்காமல் இரண்டில்தான் போய் நின்றேன். மணிக்கூடு கீறச் சொன்னாள். நொடிமுள்ளையும் சேர்த்துக் கீறினேன். மூன்று சொல் தந்து பிறகு கேட்டாள். மூன்றையும் பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். சுகந்தியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது.

அப்போது டொக்டர் ஒரு மட்டையை மேசையில் வைத்தாள். அதில் ஒரு வரி எழுதியிருந்தது.

"இதில் எழுதியிருக்கிறதை வாசித்து, அது சொல்கிறபடி செய்யுங்கள்."

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "கண்ணாடி..."

கண்ணாடி பையில்தான் இருந்தது, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. சுகந்தி டொக்டரைப் பார்த்தாள். பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்கிற பார்வை. டொக்டர் பேனையை எடுத்தாள்.

கண்ணாடியைப் போட்டேன். மட்டையைப் பார்த்தேன். பலகைக்கு முன்னால் நின்ற மாதிரி நின்று தலையாட்ட முடியாது. இது செய்து காட்ட வேண்டிய பலகை. அந்தப் பேனை கீழே இறங்கினால் ஆற்றங்கரை போய்விடும், வாங்கு போய்விடும், கையில் கடிகாரம் ஏறிவிடும். அதைவிட, பக்கத்தில் இருக்கிறவளின் மூச்சு. அழுகையை அடக்குகிற மூச்சு.

"எழுதாதீர்கள்" என்று டொக்டரிடம் அவளுடைய மொழியில் சொன்னேன். "மறக்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது." பிறகு மகளிடம் திரும்பி, "பிள்ளை, எனக்கு இந்த எழுத்துத் தெரியாது. அந்தப் பலகையும் தெரியாது. பஸ்ஸில ஒட்டினதும் தெரியாது" என்றேன்.

"எப்ப இருந்து அப்பா?"

இவ்வளவு படித்தவள் கேட்கிற கேள்வியா? "பிறந்ததிலயிருந்து!" என்று கத்திவிட்டேன்.

சுகந்தி டொக்டரின் பேனையை வாங்கி, அந்த மட்டையைப் பார்த்துப் பார்த்து ஒரு துண்டில் தமிழில் எழுதினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் அடித்து அனுப்பிப் படிப்பித்த எழுத்து, கோழி கிளறியது போல. என்னிடம் தள்ளினாள்.

'கண்களை மூடுங்கள்' என்றிருந்தது.

இவ்வளவுதானா? இதற்கா இந்தப் பாடு? மூடினேன். நன்றாக மூடினேன். இருட்டுக்குள் சுகந்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"திறக்கலாம் அப்பா."

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன்.

7

என் தலை வயதுக்கு மிக நன்றாக இருக்கிறதாம். அதை எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, ஆனாலும் வீட்டில் மாட்டி வைக்கப் போகிறேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது சுகந்தி ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அப்ப ஒன்பதாம் வகுப்பில வந்த அந்தக் கடிதம்?"

"எந்தக் கடிதம்?"

"பள்ளிக்கூடத்துக் கடிதம். நான்தான் கொண்டுவந்து தந்தனான், நடுங்கி நடுங்கி. நீங்கள் மேலயும் கீழயும் பார்த்திட்டு, பெரிசாக் கையெழுத்துப் போட்டிட்டு, 'சரி சரி, போய்ப் படி' எண்டீங்கள்."

"அப்பிடி எத்தினை கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பன். அதில என்ன கிடந்தது?"

அவள் இலைகளைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றாள். "அந்த ஒக்டோபர் முழுக்க, மூண்டு கிழமை, நான் பள்ளிக்கூடம் போகேல்லை. வகுப்பில என்னோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை அப்பா. காலமை வெளிக்கிட்டு ஆத்தங்கரையில போய் இருப்பன், பின்னேரம் வருவன். அந்தப் பூங்காதான். கடிதத்தை வாசிச்சிட்டு நீங்கள் ஏசுவீங்கள், அடிப்பீங்கள் எண்டு நினைச்சன். ஒண்டும் சொல்லேல்லை. அப்பாக்கு விளங்கியிருக்கு, அதுதான் பேசாமல் விட்டவர் எண்டு நினைச்சன். அண்டைக்கு இருந்துதான் ஒழுங்காப் போய்ப் படிச்சனான். இவ்வளவு காலமும் அதை நினைச்சுக்கொண்டுதான் அப்பா இருந்தனான்."

என் வாயில் வந்தது ஏச்சுத்தான்.

"மூண்டு கிழமையோ?" என்றேன். "நான் ஹோட்டல் குசினியில நிண்டு அவிஞ்சுகொண்டிருக்க, நீ மூண்டு கிழமை ஆத்தங்கரையில இருந்தனியோ? அதுவும் குளிருக்குள்ள! ஆத்துக்குள்ள விழுந்திருந்தால்? அம்மாக்குத் தெரியுமோ?"

"அப்பா, எனக்கு நாப்பத்து மூண்டு வயசு."

"கடிதம் எனக்கு இண்டைக்குத்தான் வந்திருக்கு. இண்டைக்குத்தான் ஏசுவன்!"

தரிப்பிடத்தில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று வயதுத் தாதியைக் கிழவன் ஒருவன் கை நீட்டி ஏசுகிறான், அவள் கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரிக்கிறாள். பஸ் வந்தது. எந்த பஸ் என்று நான் அவளைக் கேட்டேன். வெட்கப்படாமல் கேட்டேன். அவள் சொன்னாள்.

மனோவிடம் வந்து சொன்னபோது, "வாசிக்காமலே பிள்ளை வளர்த்திட்டீங்கள், இனி அதையும் பெருமையா எழுதுவீங்கள்" என்றாள். எழுதிவிட்டேன்.

8

கடைசிப் புரட்டாசிச் சனி. கடிகாரம் வாங்கவில்லை. பந்து நிலையத்தைப் பற்றியும் கதையில்லை. "போயிட்டு வாங்கோ அப்பா. ஒண்டையும் பொறுக்கவேண்டாம்" என்று மட்டும் போனில் சொன்னாள். தான் இருந்த வாங்கு எது என்றும் சொன்னாள். தண்ணீர்ப் பக்கம் மூன்றாவது.

பெட்டியைக் கொண்டு தனியே போனேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய். அந்த மரத்தின் கீழ் இன்னும் கொட்டை கிடந்தது, பளபளவென்று, ஆளைக் கெடுக்கிற அழகோடு. நாயோடு அதே கிழவி வந்தாள். என்னைக் கண்டதும் முதலில் என் பையைத்தான் பார்த்தாள். பையைக் கவிழ்த்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. நாய் பயப்படுகிற அளவுக்குச் சிரித்தாள்.

மூன்றாவது வாங்கில் சோற்றை வைத்தேன். ஈர வாங்கு. பதினைந்து வயதுப் பிள்ளை மூன்று கிழமை இதில் எப்படித்தான் இருந்தாளோ, எருமை. காகம் வந்தது. ஒரு சோறு மிச்சம் வைக்காமல் தின்றது. இவ்வளவு நாளும் அதைச் சுவிஸ் காகம் என்று பேசியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பும் வழியில் பலகை. இப்போதும் எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவுமில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் என் பாட்டில் பஸ்ஸுக்கு நடந்தேன்.